முற்றம் தாண்டாத முதுமகள்

சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக இருந்தவர் எவருக்கும் ஒரு கிழவி நன்கு அறிமுகமாகியிருப்பாள். வெளுத்த சேலை, கையில் ஒரு துணிப்பை, பைக்குள் சாயம் போன பழைய குடும்பப் படம். மகன் காரை நிறுத்துகிறான். மருமகள் இறங்குவதில்லை. முதியோர் இல்லத்தின் இரும்புக் கதவு திறக்கிறது. கடைசிப் பத்தியில் கிழவி, தன் மகன் நூறாண்டு வாழ வேண்டுமென்று முருகனை வேண்டிக்கொள்கிறாள். எழுத்தாளர் சற்றுத் துணிந்தவராயின், அந்த மகன் அவள் பெற்ற மகனே அல்லன், எடுத்து வளர்த்தவன் என்னும் செய்தியும் கடைசி வரியில் வந்து விழும். வாசகர் கண் கலங்குவர். நடுவருள் சிலரும் கலங்குவர்.

இக்கதை முழுப் பொய்யன்று. அத்தகைய மகன்களும் உலகில் உள்ளனர். ஆயினும் ஒரே கதை ஒரு தலைமுறைக் காலம் எழுதப்பட்டு வரும்போது, குறை கருப்பொருளில் இல்லை, காணும் கண்ணில் இருக்கிறது என்று ஐயுற வேண்டியுள்ளது. இக்கதைகள் முதுமைக்கு இரண்டே இடங்களை அறியும். ஒன்று மகன் வீடு. மற்றொன்று முதியோர் இல்லம். முன்னது கோயில், பின்னது சிறை. ஆனால் முதியோருள் மிகப் பெரும்பாலோர் இல்லங்களில் வாழ்பவர் அல்லர், வீடுகளில் வாழ்பவர். மகன் வீட்டிலேயே, மகள் வீட்டிலேயே, சிலர் தனித்தும், பகற்பொழுதெல்லாம் பேச ஆளின்றி, தாமே எழுந்து குளிக்க இயலாமல், அடுப்பருகே செல்ல அஞ்சி வாழ்கின்றனர். அவர்களைத் தேடி வீட்டுக்கே வந்து உதவும் பணியாளர் உண்டு. அவ்வுதவிக்கு அரசு தரும் மானியமும் உண்டு. இந்த மூன்றாம் நிலையைப் பற்றிய கதையைத் தேடினால் கை வெறுமையாகவே திரும்பும். பட்டிமன்ற மேடைகளிலும் இதே நிலைதான். முதியோர் இல்லம் தேவையா, தேவையில்லையா என்று இரு அணியினரும் முழங்குவர். வீட்டில் இருக்கும் பாட்டியைக் காலையில் குளிப்பாட்டுபவர் யார் என்று எந்த அணியும் வினவுவதில்லை.

தமிழ் இலக்கியம் அறியாத புதுப் பொருளா இது? அன்று. இப்பொருளைத் தமிழில் முதன்முதல் பாடிய புலவர்களுள் ஒருவர் பெருஞ்சித்திரனார். பாட்டு, புறநானூற்றின் 159-ஆம் பாட்டு, பாடப்பட்டவன் குமணன். 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சேற்றிய பின் எத்தனையோ வகுப்பறைகளில் இப்பாட்டு கற்பிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் பெரும்பாலும் அது குமணனின் கொடைக்குச் சான்றாகவோ, புலவரின் வறுமைக்குச் சான்றாகவோதான் நடத்தப்படுகிறது. 'வறுமையின் கொடுமையை விளக்குக' என்று வினா அமையும். உப்பும் மோரும் இன்றிக் கீரை வெந்த செய்தியை மாணாக்கர் எழுதி மதிப்பெண் பெறுவர். பாட்டின் தொடக்கத்தில் நிற்கும் தாய் அப்பட்டியலில் ஓர் உருப்படியாகிக் கரைந்துபோகிறாள்.

பாட்டைச் சற்று நின்று நோக்குதல் தகும். புலவர் முதலில் தம் தாயைக் காட்டுகிறார். பிறகே மனைவியைக் காட்டுகிறார். தாய் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டாள். இன்னும் உயிர் போகவில்லையே என்று ஓயாமல் நொந்துகொள்கிறாள். ஊன்றுகோலே காலாக, அடிமேல் அடியாகச் சிற்றடி வைத்து நகர்கிறாள். தலைமயிர் நூலை விரித்தாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. பார்வை மங்கிவிட்டது. வீட்டு முற்றத்தைத் தாண்ட அவளால் இயலவில்லை. அவ்வளவே. அதன் பின் மனைவி வருகிறாள். மேனி பசந்தவள், இடுப்பைச் சுற்றிலும் சிறு பிள்ளைகள், பால் வற்றிய மார்பு. குப்பையில் முளைத்த கீரையின் இளந்தளிரைக் கொய்து, உப்பில்லாமல் வெறும் நீரில் வேகவைத்து, சோற்றையே மறந்து உண்பவள். அழுக்கேறிக் கிழிந்த உடை உடுத்தவள்.

இவ்விரு சித்திரங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு உரைகளில் போதிய அளவு எடுத்துக்காட்டப்பட்டதாகத் தெரியவில்லை. மனைவியைப் பற்றிப் பேசுமிடத்தில் உணவு வருகிறது, உடை வருகிறது, பசி வருகிறது. தாயைப் பற்றிப் பேசுமிடத்தில் இவை ஒன்றுமே வரவில்லை. தாயும் பசித்திருப்பாள் என்பது சொல்லாமலே விளங்கும். எனினும் புலவர் அதனைச் சொல்லவில்லை. அவர் கண்டது வேறு. வாழ்நாள் நீண்டுகொண்டே போக, உலகம் சுருங்கிக்கொண்டே வந்து முற்றத்தின் எல்லையில் நின்றுவிட்டது. அதுவே அவள் துன்பம். தெருவில் போவோரைக் காணக் கண்ணில்லை. அண்டை வீட்டுக்குப் போகக் காலில்லை. இளையவளின் வறுமை வயிற்றில் இருக்கிறது. முதியவளின் வறுமை முற்றத்தில் இருக்கிறது. ஒரே வீட்டில் ஒரே வறுமையை இரு வேறு வறுமைகளாகப் பிரித்துக் கண்ட இந்த நுட்பத்திற்காகவே இப்பாட்டைத் தனியே எடுத்துக் கற்பிக்கலாம்.

இப்பாட்டின் துறை பரிசில் கடாநிலை. கடாவுதல் என்பது இரத்தல் அன்று. வேண்டியதை வற்புறுத்திக் கேட்டல். வீட்டில் ஒரு முதியவள் இருக்கிறாள், அவளைத் தாங்கும் பெண் மெலிந்துவிட்டாள், ஆகவே பொருள் வேண்டும் என்று ஆள்பவனிடம் முன்வைக்கப்பட்ட விண்ணப்பம் இது. இன்றைய நிருவாக மொழியில் சொல்வதாயின், இல்லத்துப் பராமரிப்புக்கான மானிய விண்ணப்பம். விண்ணப்பங்களில் இவ்வளவு சுருக்கமும் இவ்வளவு முழுமையும் அமைவது அரிது என்பதை அலுவலகங்களில் பணியாற்றுவோர் ஒப்புக்கொள்வர்.

அண்டை நாடாகிய சிங்கப்பூரில் இத்தகைய விண்ணப்பங்களுக்கு இன்று ஒரு தெளிவான ஒழுங்கு உண்டு. தாதியர் வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவர். பணியாளர் வந்து குளிப்பாட்டுவர், ஊட்டுவர். சமைத்த உணவு வீட்டு வாசலுக்கு வரும். குடும்பத்தில் தலைக்கு எவ்வளவு மாத வருமானம் என்று கணக்கிட்டு அதற்கேற்ப அரசு கட்டணத்தில் பங்கேற்கிறது. வீட்டில் வைத்துப் பராமரிப்போருக்கென 2019-இல் மாதம் 200 வெள்ளி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. 2023-இல் அத்தொகை 400 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது. இவற்றுள் பலவற்றிற்கு அளவுகோல் ஒன்றே. குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறு செயல்களுள் எத்தனைக்குப் பிறர் துணை வேண்டும் என்று பார்ப்பர். மூன்றுக்கு வேண்டுமாயின் மேற்சொன்ன பராமரிப்புத் தொகைக்கு உரியவர் ஆவர். 2020-இல் தொடங்கிய நெடுங்காலப் பராமரிப்புக் காப்புறுதிக்கும் இவ்வாறு மூன்று என்பதே வரம்பு. இத்தகைய அளவுகோலின் வேர், அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்சு என்பார் 1963-இல் தம் துணைவர்களோடு வெளியிட்ட பட்டியலில் உள்ளது.

இவ்வளவுகோலைக் கொண்டு பெருஞ்சித்திரனாரின் தாயை அளந்து பார்த்தால் என்ன ஆகும்? வருமானக் கணக்கில் அவள் உடனே தேறிவிடுவாள். அந்த வீட்டில் கணக்கிட வருமானமே இல்லை. ஆனால் ஆறு செயல்களில்? நடமாட்டம் ஒன்றே பாட்டில் கூறப்படுகிறது. அதுவும் கோலூன்றித் தானே நகர்கிறாள். பிறர் கைப்பிடித்து நடத்துவதாகக் கூறப்படவில்லை. பாட்டில் உள்ள செய்திகளை மட்டும் கொண்டு ஓர் அதிகாரி முடிவெடுப்பாராயின், மூன்று என்னும் வரம்பை அவள் எட்டமாட்டாள். விண்ணப்பம் திரும்பி வரும். உயிர் போகவில்லையே என்னும் ஓயாத நோதலை எழுதுவதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. முற்றத்தைத் தாண்ட இயலாமைக்கும் இடமில்லை.

இதனால் அந்த அளவுகோல் தவறானது என்று முடிவு கட்டிவிடுதல் நேர்மையன்று. பொதுப்பணம் ஆளுக்கொரு கண்ணால் அளந்து கொடுக்கப்படலாகாது. குமணனைத் தேடிச் சென்றவர் பெரும்புலவர். பாட்டுப் பாடத் தெரியாத ஏழையின் தாய் என்ன ஆனாள் என்று புறநானூறு சொல்லவில்லை. பாடத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே அளவு என்பதுதான் சட்டத்தின் அறம். ஆயினும் அளவுகோல் தகுதியைக் காட்டும், ஆளைக் காட்டாது. தகுதி முடிவான பிறகு, வாசலைத் தாண்டி உள்ளே வருபவர் எதைக் காண வேண்டும் என்பது வேறு வினா. அவ்வினாவிற்கும் பெருஞ்சித்திரனாரே விடை வைத்திருக்கிறார்.

159-ஆம் பாட்டின் இறுதியில் அவர் குமணனிடம் கூறுவது வியப்பானது. கொல்லும் களிறே கிடைப்பினும், மனமின்றித் தரும் பரிசிலைக் கொள்ளேன். நீ மகிழ்ந்து இன்முகத்தோடு தருவதாயின் ஒரு குன்றிமணி அளவே ஆனாலும் கொள்வேன் என்கிறார். வீட்டில் உப்புமில்லை, வாசலில் நின்று இப்படிப் பேசுகிறார்! இது வெறும் வீறாப்பு என்று எண்ணுவோர் 208-ஆம் பாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மலைகள் பல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் செல்கிறார். அவன் இவரைக் காணாமலே, இதைக் கொண்டு போகட்டும் என்று பரிசில் அனுப்புகிறான். புலவர் மறுக்கிறார். என்னைக் காணாமல் தந்த பொருளைக் கொண்டு போவதற்கு நான் ஊதியம் தேடும் வாணிகன் அல்லேன். என் அளவறிந்து தந்தால் தினையளவும் எனக்கு இனிது என்பது அவர் கூறிய விடையின் கருத்து.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அளவு என்று புலவர் கூறுவது தம் புலமையின் அளவு. தம் தேவையின் அளவன்று. அதனை ஒரு முதியவளுக்குப் பொருத்துவது படிப்பவரின் செயல். எனினும் இரு பாட்டுகளையும் பாடியவர் ஒருவரே. தம்மைக் காணாமல் தந்ததை மறுத்த அதே புலவர்தாம், தம் தாயின் நரைமயிரையும் மங்கிய கண்ணையும் மன்னன் காணும்படி செய்துவிட்டுப் பொருள் கேட்டார். கண்டு கொடு என்பதே இரண்டிடத்தும் அவர் வைக்கும் கட்டளை.

காணாமல் கொடுத்தல் என்பது பராமரிப்பில் எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சிறு செய்திகளில்தான் அறிய முடியும். குளிப்பாட்டுதல் என்பது பட்டியலில் ஒரு சொல். ஒரு தமிழ்ப் பாட்டிக்கு அது வெள்ளிக்கிழமை எண்ணெய் முழுக்கு; சீயக்காய்; தலை துவட்டி, நெற்றியில் திருநீறு. அவள் வாழ்நாளில் கணவனும் கண்டிராத உடம்பை முன்பின் அறியாத ஆடவர் ஒருவர் குளிப்பாட்ட வந்து நின்றால், தனக்கு இன்று காய்ச்சல் என்று பொய் சொல்லி அவள் குளியலைத் தவிர்த்துவிடுவாள். பணியாளர் 'மறுத்துவிட்டார்' என்று குறித்துக்கொண்டு போவார். குறிப்பு உண்மை, ஆனால் அதில் பாட்டி இல்லை. ஊட்டுதல் என்பதும் ஒரு சொல்தான். இடக்கையால் ஊட்டினால் வாய் திறவாத பாட்டி உண்டு. மாட்டிறைச்சி சமைத்த பாத்திரமோ என்னும் ஐயத்தால் தட்டைத் தள்ளிவிடும் பாட்டி உண்டு. அமாவாசையன்று கணவனை நினைத்து மரக்கறி மட்டும் உண்பவள், நினைவு தடுமாறிய பின் என்று அமாவாசை என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். செருப்போடு சாமி அறைப் பக்கம் நடந்தவரை அவள் மன்னிப்பதில்லை. பெயர் சொல்லி அழைப்பது இன்னொன்று. எழுபது ஆண்டுகளாக அம்மா, அத்தை, ஆயா என்று மட்டுமே அழைக்கப்பட்டவளைப் பதிவேட்டில் உள்ள பெயரைப் படித்து உரக்க அழைத்தால், அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு கணம் ஆகிறது. அது செவிக்குறை அன்று.

மொழியைப் பற்றிக் கூறுவதற்குத் தமிழாசிரியர்களுக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. 2020-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி சிங்கப்பூர்வாசிகளுள் இந்தியர் 9 விழுக்காட்டினர். ஆனால் வீட்டில் பெரும்பாலும் தமிழே பேசுவோர், ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள், 2.5 விழுக்காட்டினர் மட்டுமே. தமிழ் அந்நாட்டின் ஆட்சி மொழிகளுள் ஒன்று, நாடாளுமன்றத்தில் பேசலாம். ஆனால் பகல் இரண்டு மணிக்கு, தண்ணீர் வேண்டும் என்று தமிழில் கேட்டால் விளங்கிக்கொள்ளும் ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே! நினைவு குன்றும் முதியோர் பலரிடம், பின்னர்க் கற்ற மொழிகள் முதலில் நழுவித் தாய்மொழி கடைசிவரை தங்கி நிற்பதைக் காணலாம். இளமையில் கடையிலும் சந்தையிலும் மலாய் பேசியவள், ஆங்கிலம் ஓரளவு அறிந்தவள், எண்பதில் தமிழ் மட்டும் பேசுகிறாள். அவள் பேத்தி தமிழை ஒரு தேர்வுப் பாடமாக முடித்துவிட்டு ஆங்கிலத்தில் விடை சொல்கிறாள்.

வீட்டில் தங்கிப் பணிபுரியும் இந்தோனேசியப் பெண்ணுக்கும் தோட்டத்தில் வளர்ந்த தமிழ்ப் பாட்டிக்கும் பொதுவாக எஞ்சுவது சந்தை மலாய். மாக்கான், மாண்டி, தீடோர். உண், குளி, உறங்கு. இம்மூன்று சொற்களால் ஒரு நாள் முழுவதையும் ஓட்டிவிடலாம். பல வீடுகளில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. அளவுகோலில் உள்ள ஆறு செயல்களும் ஏறக்குறைய இச்சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. அடங்காதது, உயிர் போகவில்லையே என்னும் அந்த நோதல். அதைச் சொல்லச் சந்தை மலாயில் பாட்டியிடம் சொல் இல்லை. சொன்னாலும் கேட்பவளுக்குத் திருப்பிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அப்படியானால் தமிழரைத் தமிழரே பராமரிக்க வேண்டும் என்பதா? இந்த இடத்தில் இனப்பற்று விரைந்து முன்வந்து நிற்கும்; அதனைச் சற்று விலக்கி வைப்பது நல்லது. பெருஞ்சித்திரனாரைக் காணாமல் பரிசில் அனுப்பிய அதியமான் வேற்றினத்தான் அல்லன். தமிழன், வள்ளல், ஔவைக்கு அரிய நெல்லிக்கனி தந்தவன். ஒரே மொழி பேசுவோருக்கிடையிலும் காணாமை நிகழும். வாசலில் சீனப் பெண்மணி ஒருவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டியின் நெற்றியில் பொட்டு இல்லாததைக் கண்டு, விளக்கு மாடத்திலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தை எடுத்து வந்து நீட்டுவாராயின், அவர் கண்டவர். அதே பாட்டியின் மகன் மாலையில் வந்து, சாப்பிட்டாயா என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, விடைக்கு நில்லாமல் அறைக்குள் போவானாயின், அவன் காணாதவன். பண்பாடு அறிந்த பராமரிப்பு என்பது பிறப்பால் வருவதன்று, கற்றுக்கொள்ளப்படுவது. கற்றுக்கொள்ளக்கூடியதாயின் கற்பிக்கவும் கூடியது. பணியாளர் பயிற்சியில் முப்பது தமிழ்ச் சொற்களைச் சேர்ப்பதற்குப் பெரும்பொருள் செலவாகாது. வலிக்கிறது, தலை சுற்றுகிறது, பயமாக இருக்கிறது, இங்கே உட்கார் என்பன அவற்றுள் முதலில் வரவேண்டியவை. அந்த முப்பது சொற்களைத் தெரிந்தெடுக்கும் பணிக்குத் தமிழாசிரியர்களைக் காட்டிலும் தக்கவர் யார்?

இனி மனைவியின் பக்கம் திரும்பலாம். 159-ஆம் பாட்டைப் புகழும்போது எளிதில் மறைந்துபோகும் உண்மை ஒன்று உண்டு. புலவர் ஊர் ஊராகச் செல்கிறார். வீட்டில் இருப்பவள் மனைவி. மாமியாரின் நோதலை நாள்தோறும் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் சுமந்துகொண்டு, கீரை கொய்து கொண்டிருப்பவள் அவள். தமிழர் பெற்றோரைக் கைவிடமாட்டார் என்னும் பெருமை மேடைகளில் அடிக்கடி முழங்கப்படுகிறது. அப்பெருமையின் பளு இன்றும் பெரும்பாலும் ஒரு பெண்ணின் தோள்மேலேயே இருக்கிறது. அவள் மருமகளாயிருக்கலாம், வேலையை விட்டுவிட்ட மகளாயிருக்கலாம், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பணிப்பெண்ணாயிருக்கலாம். பெற்றோரைப் பேணும் கடமையைச் சிங்கப்பூர் 1995-இல் சட்டமாகவே ஆக்கிற்று. அறுபது வயதைக் கடந்து, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். சட்டத்தால் தொகையைப் பெற்றுத் தர முடியும். தோளை மாற்றித் தர முடியாது.

வெளியிலிருந்து ஓர் ஆள் வந்து வாரம் மூன்று நாள் பாட்டியைக் குளிப்பாட்டினால் அந்தத் தோளுக்கு ஓய்வு. ஆனால் அதனை ஏற்கத் தமிழ்க் குடும்பங்கள் பல தயங்குகின்றன. அரசு உதவி வாங்கினால் மகனுக்குக் கையாலாகவில்லை என்று ஊர் சொல்லும். அயலார் வந்து தொட்டால் மருமகளுக்கு மனமில்லை என்று உறவு சொல்லும். இந்த நாணத்தை வளர்த்ததில் போட்டிச் சிறுகதைகளுக்கும் பங்கு உண்டு. உதவி கோருவதையும் கைவிடுவதையும் ஒன்றாகக் காட்டியே அவை பழகிவிட்டன. பெருஞ்சித்திரனார்க்கு அந்த நாணம் இருந்ததில்லை. தம் வீட்டு அடுப்பையும் தாயின் ஊன்றுகோலையும் மன்னன் அவையில் எடுத்து வைத்தார். அவர் நாணியது ஒன்றற்கே: காணாமல் தருவதைக் கைநீட்டி வாங்குதற்கு.

163-ஆம் பாட்டில், குமணன் தந்த செல்வத்தோடு வீடு திரும்பிய புலவர் அதனை மனைவியின் கையில் ஒப்படைக்கிறார். உன்னை விரும்பி வாழ்வோர்க்கும், நீ விரும்பி வாழ்வோர்க்கும், உன் சுற்றத்தார்க்கும், பசித்தபோது கடன் தந்தோர்க்கும், இன்னார்க்கு என்று ஆராயாமலும் என்னைக் கேளாமலும் கொடு என்கிறார். இப்பாட்டு ஈகைக்கு எடுத்துக்காட்டாக ஆயிரம் முறை கூறப்பட்டிருக்கிறது. என்னைக் கேளாமல் என்பதற்குத்தான் அழுத்தம் தரப்படவில்லை. மெலிந்தவள் யாரோ, அவள் கைக்கே பொருளும் முடிவும் செல்கின்றன. பராமரிப்பவருக்கு நேரே தொகை தரும் இக்காலத் திட்டங்களின் உட்கருத்தும் இதற்கு அயலானதன்று. அத்தொகை வங்கிக் கணக்கில் யார் பெயரில் விழுகிறது, யார் செலவிடுகிறார் என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். நல்ல சிறுகதை ஒன்றுக்கு அந்த இடமே போதும்.

மலேசியாவின் நிலை சற்று வேறானது. இங்கே வறிய முதியோருக்கான மாத உதவித்தொகை 2021-இல் 500 ரிங்கிட்டாகவும், 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 600 ரிங்கிட்டாகவும் உயர்த்தப்பட்டது. தனித்து வாழும் முதியோரைத் தொண்டர்கள் சென்று காணும் இல்ல உதவிச் சேவையையும் சமூக நலத்துறை நடத்துகிறது. ஆனால் தமிழரைப் பொறுத்தவரை முற்றத்தின் கதையைத் தோட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே ஆயாக் கொட்டகை இருந்தது. பால் மரம் வெட்டப் போகும் தாய்மார் விடியுமுன் பிள்ளைகளை அங்கே விட்டுச் செல்வர். பார்த்துக்கொண்டவள் பெரும்பாலும் மரம் வெட்ட வலுவற்றுப்போன ஒரு முதியவள். முதுமை அங்கே பராமரிக்கப்படும் பொருளாக மட்டும் இருக்கவில்லை. பராமரிக்கும் கையாகவும் இருந்தது. அந்த வாழ்வைப் பொற்காலமாகப் பாடுவது பிழை. வீடு நிருவாகத்தினுடையது, உழைப்பு நின்றதும், பிள்ளைகளுள் ஒருவரேனும் தோட்டத்தில் வேலை செய்யாவிட்டால், வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. ஆயினும் வரிசை வீடுகளுக்கு முன்னால் மண் தரை இருந்தது. மாலையில் அங்கே ஆள் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பின், அந்த ஆயாக்கள் பலர் மலிவு விலை அடுக்குமாடிக்கு ஏறினர். பதினொன்றாம் மாடியில் முற்றம் ஏது? மின்தூக்கிப் பழுதுபட்ட வாரத்தில் வாசற்படியே உலகின் எல்லை. இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, நடைபாதையில் போவோரின் காலடியைக் கேட்டு, யார் என்று அறிந்துகொள்ளும் முதியவர்களை அவ்வீடுகளில் காணலாம். தம் தாயைப் பற்றிப் பெருஞ்சித்திரனார் கூறியதில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அவர்களுக்கும் கூறலாம். அவர்களைப் பற்றி எழுத வேண்டிய எழுத்தாளரோ இன்னும் காரை இல்லத்து வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்.

பாடப்புத்தகத்தில் 159-ஆம் பாட்டை அடுத்து 163-ஆம் பாட்டை வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், மாணாக்கர் முன் ஒரு வினாவை எழுப்பலாம். முதற்பாட்டில் முன்னே நின்ற தாய், பிற்பாட்டில் எங்கே? செல்வம் வந்துவிட்டது, கொடுக்க வேண்டியோரின் வரிசை நீளமாகச் சொல்லப்படுகிறது, அதில் தாய் எனத் தனியே ஒரு சொல் இல்லை. விரும்பி வாழ்வோர் என்பதில் அவளும் அடங்கினாள் என்று கொள்ளலாம். அதற்குள் இறந்துவிட்டாள் என்றும் கொள்ளலாம். வீடெல்லாம் உறவினர் நிறைந்து ஆரவாரமாயிருக்க, முற்றத்தின் ஓரத்தில் கோலை ஊன்றிக்கொண்டு, வந்திருப்பவர் யார் யார் என்று ஒவ்வொருவரையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்றும் கொள்ளலாம். பாட்டில் விடை இல்லை.